ஃபில்டர் சுத்தம்: எதைக் கழுவுவது, எதை விட்டுவைப்பது

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம ஃபில்டர நல்லாக் கழுவி வெச்சனுங்க. நேத்துல இருந்து மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க."

சத்தியமங்கலத்தில் வண்ணமீன் விற்கும் கடையில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு ஏதாவது ஒரு வடிவில் காதில் விழும். சிலர் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்கள். சிலர் குழாயடியில் பஞ்சைப் பிழிந்து பிழிந்து, புதிதாக வாங்கியபோது இருந்த நிறம் திரும்பும்வரை அலசியிருப்பார்கள். வாயைத் திறக்கும் மீனுக்கு ஒரு மருந்துப் புட்டியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அந்த மீனுக்கு நோய் இல்லை. ஃபில்டருக்குள் குடியிருந்த பாக்டீரியா செத்துப்போய், தண்ணீரில் அம்மோனியா ஏறிவிட்டது. மருந்து ஊற்றினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போகும்.

ஃபில்டரைச் சுத்தம் செய்வது என்றால் அடைப்பை எடுப்பது. தண்ணீர் தடையில்லாமல் ஓடும் அளவுக்குச் சேற்றை நீக்கிவிட்டு, பஞ்சில் ஒட்டியிருக்கும் வழவழப்பை அப்படியே விட்டுவைக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் மற்ற விவரங்கள் எல்லாம் தாமாக விளங்கும்.

பஞ்சுக்குள் நடப்பது

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சு, அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அளவில் நிற்கும்.

இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவை 1890-ல் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்புப் புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. வீட்டுத் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம் என்று 1998-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. 2015-ல் இன்னும் வியப்பான செய்தி வந்தது: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்வரை முழு வேலையையும் தனியாகவே முடிக்கின்றன. அதைக் கண்டுபிடித்த இரு குழுக்களில் ஒன்று அந்த உயிரை எடுத்தது மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் ஃபில்டரிலிருந்துதான். நாம் குழாயடியில் அலசிக் கொட்டும் பழுப்பு வழவழப்பு இப்படிப்பட்ட உயிர்களின் வீடு.

இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, இவை எதன்மீதாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பஞ்சு, செராமிக் ரிங், கூழாங்கல், கண்ணாடிச் சுவர் எல்லாவற்றிலும் இருக்கும். தண்ணீரில் மிதந்து திரிபவை மிகக் குறைவு. அதனால்தான் தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்றினால் ஒன்றும் ஆவதில்லை, பஞ்சை மட்டும் கழுவினால் மீன் தவிக்கிறது. இரண்டாவது, இவை மிக மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால் இவற்றுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி நிலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் எடுப்பது இதனால்தான்.

ஆத்துத் தண்ணியும் உப்புத் தண்ணியும்

சத்தியிலும் சுற்றுப்பக்கத்திலும் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு: பவானியிலிருந்து குழாயில் வரும் ஆத்துத் தண்ணி, போரிலிருந்து மோட்டார் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணி. ஃபில்டருக்கு இரண்டும் இரண்டு விதமான தொல்லை தரும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி வீட்டுக்கு வந்துசேரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நம் வயிற்றைக் காக்கும் அந்தக் குளோரின் ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் அதன் அளவு இன்னும் கூடும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப்பின் குமிழைப் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைப் புட்டியில் எழுதியுள்ள அளவில் விடலாம்.

போர்த் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கடினம் அதிகம். பி.எச். பெரும்பாலும் 7-க்கு மேலேயே நிற்கும், 8-ஐத் தொடுவதும் உண்டு. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சான வடிவில் இருப்பதில்லை. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு. பி.எச். 8 என்றால் அது நூறில் ஆறு பங்கைத் தாண்டும். ஒரே அளவு அம்மோனியா, ஏறத்தாழ பத்து மடங்கு கெடுதி. மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் ஒருவர் ஃபில்டரை அலட்சியமாகக் கழுவிவிட்டு மீன் தப்பித்ததைப் பார்க்கலாம்; அதே காரியத்தை உப்புத் தண்ணித் தொட்டியில் செய்தால் மறுநாளே மீன் மிதக்கும்.

அதே கடினத்தன்மையோடு வரும் கார்பனேட்டால் ஒரு நன்மையும் உண்டு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்கு ஃபில்டர் பாக்டீரியா ஏழு கிராமுக்குச் சற்று மேற்பட்ட காரத்தன்மையைச் செலவழிக்கிறது. உப்புத் தண்ணித் தொட்டியில் இதற்குப் பஞ்சமில்லை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்ப்பவர்கள் தொட்டியில் இது தீர்ந்து, பி.எச். சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாக ஊற்றாதீர்கள். போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் போதும்.

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் ஒரே நாளில் பாதித் தண்ணீரை எடுத்துப் போர்த் தண்ணீர் விடுவதும் ஆபத்து. பழைய தண்ணீர் புளித்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியா கெடுதி செய்யாமல் கிடக்கும். புதுத் தண்ணீரால் பி.எச். ஏறியதும் அதுவே நஞ்சாகிவிடும். நாளுக்குப் பத்தில் ஒரு பங்காகச் சில நாள் மாற்றுங்கள்.

ஆர்.ஓ. மிஷினுக்காக வாங்கிய டி.டி.எஸ். மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. அந்தக் கருவி கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், அம்மோனியாவைக் காட்டாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் அம்மோனியா கிட் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாய்க்கால் பாசனப் பகுதியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுபவர்கள், கீழ்பவானியில் தண்ணீர் திறந்து கிணறு ஏறும்போது கடினத்தையும் பி.எச்.சையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

எப்போது கழுவுவது

நாட்காட்டியைப் பார்த்துக் கழுவ வேண்டாம், தண்ணீர் ஓடும் வேகத்தைப் பாருங்கள். ஃபில்டரை முதன்முதலில் போட்டபோது தண்ணீர் எவ்வளவு தூரம் பீய்ச்சியது, குமிழ் எவ்வளவு வந்தது என்று நினைவில் வையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. இரண்டடித் தொட்டியில் நாலைந்து கப்பி என்றால் ஒன்றரை மாதம்கூடத் தள்ளலாம். அதே தொட்டியில் கோல்டு ஃபிஷ் என்றால் இரண்டு வாரம், ஆஸ்கர் என்றால் அதைவிட முன்னதாகவே.

சித்திரை, வைகாசியில் இந்தக் கணக்கைச் சுருக்குங்கள். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் அது 7.5-க்கு இறங்கும். வெயிலில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், பஞ்சில் தங்கிய சேறு அழுகுவதற்கும் அதே ஆக்சிஜன்தான் செலவாகும். கோடையில் விடிகாலையில் மீன் மேலே வந்து நின்றால் முதலில் பஞ்சின் அடைப்பைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு விதி: ஃபில்டரைக் கழுவும் நாளில் தொட்டியின் கற்களைக் கிளறிக் கழுவாதீர்கள், புது மீனும் விடாதீர்கள். கற்களிலும் பாக்டீரியா இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கைவைத்தால் தொட்டிக்கு எதுவும் மிஞ்சாது. ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

கழுவும் முறை

எல்லா மின் இணைப்பையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே எடுக்க வேண்டும். ஒயர் தொட்டியிலிருந்து நேரே சுவிட்ச் போர்டுக்கு ஏறாமல், போர்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு ஏறட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் மின்கசிவுத் தடுப்பான் இல்லையென்றால் மீன் தொட்டியை முன்னிட்டாவது எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுவிடுங்கள்.

சமையலுக்கோ துணி துவைக்கவோ பயன்படாத ஒரு வாளியை மீனுக்கென்று ஒதுக்குங்கள். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: பூச்சிமருந்து கலக்கிய வாளி எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு ஆகாது. மருந்தடித்துவிட்டு வந்த கையோடு தொட்டியைத் தொடவும் கூடாது.

அந்த வாளியில் தொட்டித் தண்ணீரையே ஐந்தாறு லிட்டர் எடுங்கள். பஞ்சை அதில் முக்கி, மெதுவாக அமுக்கி விடுங்கள், மூன்று நான்கு முறை. தண்ணீர் கறுத்துப்போகும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை தொட்டித் தண்ணீரில் அமுக்குங்கள். பஞ்சு இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். முறுக்கிப் பிழிவதும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பான்ஞ் ஃபில்டருக்கு இவ்வளவே வேலை. இரட்டைப் பஞ்சு உள்ளதை வாங்கினால் இம்முறை ஒன்று, அடுத்த முறை மற்றது என்று மாற்றிக் கழுவலாம். குஞ்சு ஈனும் கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கும் ஃபைட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதைவிட நல்ல ஃபில்டர் இல்லை என்பது என் கருத்து. விலை குறைவு, குஞ்சை உறிஞ்சாது, பழுதாக அதில் மோட்டாரே கிடையாது. பஞ்சைக் கழுவியும் குமிழ் கூடவில்லையென்றால் கோளாறு ஏர் பம்ப்பில் இருக்கும். அதன் அடியில் உள்ள சிறு துணித் தட்டில் தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் உள்ளே ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் செக் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

மோட்டார் வைத்த உள் ஃபில்டருக்கு இரண்டு வேலை. பஞ்சை மேலே சொன்னபடி அமுக்குங்கள். பிறகு மோட்டாரின் மூடியைத் திறந்து இம்பெல்லரை உருவுங்கள். அது காந்த உருளையோடு சேர்ந்து வரும். உருளையின் வழவழப்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம், இங்கே பாக்டீரியாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அது இருந்த குழியையும் காதுக் குச்சியால் துடையுங்கள். நடுவில் உள்ள தண்டு சில ஃபில்டர்களில் செராமிக். கொஞ்சம் அழுத்தினால் முறிந்துவிடும். காற்றை இழுக்கும் மெல்லிய குழாயில் அடைப்பிருந்தால் மெல்லிய கம்பியை விட்டு எடுங்கள்.

உப்புத் தண்ணீர் ஓடும் வீட்டில் இந்த உருளையிலும், தண்ணீர் விழும் வாயிலும் வெள்ளையாகக் காறை படியும். மோட்டார் கரகரவென்று சத்தம் போட அதுவே பெரும்பாலும் காரணம். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்தால் நெகிழ்ந்துவிடும். எலுமிச்சைச் சாறும் செய்யும். நன்றாக அலசிவிட்டுப் பொருத்துங்கள். புளிப்பு பிளாஸ்டிக்குக்கும் காந்தத்துக்கும் மட்டும்தான், பஞ்சுக்குக் கூடாது. பொருத்திய பின் ஃபில்டர் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதைப் பார்த்துவிட்டே பிளக் போடுங்கள்.

தொட்டிக்கு மேலே வைக்கும் டாப் ஃபில்டரிலும் பக்கத்தில் தொங்கவிடும் ஃபில்டரிலும் மெல்லிய வெள்ளைப் பஞ்சு, செராமிக் ரிங், கரி என்று அடுக்கு இருக்கும். வெள்ளைப் பஞ்சு கிழிந்து தூளாகும்போது மாற்றிவிடலாம், அதன் வேலை சேற்றைப் பிடிப்பது. கரி ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்தில் செயலிழக்கும். நிறமோ மருந்தோ எடுக்க வேண்டிய தேவை இல்லையென்றால் கரியே வேண்டியதில்லை. செராமிக் ரிங்கை ஒருபோதும் மொத்தமாக மாற்றாதீர்கள். மாதாமாதம் மாற்றச் சொல்லி அட்டையில் அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். ரிங் நொறுங்காத வரை அது வருடக்கணக்கில் வேலை செய்யும். தொட்டித் தண்ணீரில் ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும்.

பழைய பஞ்சு தொங்கிப்போய் புதிது வாங்கினால், இரண்டையும் ஒரு மாதம் சேர்த்தே ஓடவிடுங்கள். உறைமோர் ஊற்றித் தயிர் தோய்ப்பது போலத்தான்: பழையதிலிருந்து புதியதுக்குப் பாக்டீரியா ஏறிக்கொள்ளும். நண்பர் புதுத் தொட்டி வைத்தால் நோயில்லாத உங்கள் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ரிங்கைத் தொட்டித் தண்ணீரோடு கொடுங்கள். கடையில் விற்கும் பாக்டீரியாப் புட்டியைவிட அது நம்பகமானது.

கழுவிய கறுப்புத் தண்ணீர் செடிக்கு நல்ல உரம். ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம், அதில் நத்தை முட்டையும் பாசியும் இருக்கும். 'டேங்க் கிளீனர்' மீன் பெரிதாகிவிட்டது என்று பவானியில் விடுவதும் அப்படியே. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கெளுத்தி தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

மருந்தும் கொசுவத்தியும்

மெத்திலீன் ப்ளூவும் பல ஆன்டிபயாட்டிக்குகளும் ஃபில்டர் பாக்டீரியாவைப் பாதிக்கும். நோயுற்ற மீனைத் தனி வாளியில் வைத்து மருந்து கொடுங்கள். கொசுவத்தி, லிக்விட் கொசுவிரட்டி, ஸ்ப்ரே எல்லாவற்றிலும் உள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புவதால் அந்த நஞ்சையும் சேர்த்தே அனுப்பும். தொட்டி இருக்கும் அறையில் இவற்றை வைக்காதீர்கள்.

கரண்ட் நிற்கும் நாள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை 4, 5 மணி வரை கரண்ட் வராது. துணைமின் நிலையத்தின் பெயரோடு முந்தைய நாள் செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள். அன்று காலைத் தீனியைத் தவிர்த்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருந்தால் ஸ்பான்ஞ் ஃபில்டரில் மாட்டிவிடலாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஏர் பம்ப்பை அதில் சேருங்கள். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. எதுவும் இல்லையென்றால் மணிக்கு ஒருமுறை ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, சற்று உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

தொட்டிக்குள் திறந்து கிடக்கும் பஞ்சு இந்த நேரத்தைத் தாங்கிவிடும். மூடிய டப்பாவாக வெளியே இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர்தான் ஆபத்து. உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா சாகத் தொடங்கி, அழுகல் வாடை வரும். பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள். திறந்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டி, உள்ளே உள்ளதைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

கை மீறிப் போயிருந்தால்

ஃபில்டரைக் கழுவி ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் பால் போல வெளுத்து, மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால், தீனியை உடனே நிறுத்துங்கள். நல்ல மீன் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். குளோரின் நீக்கிய, தொட்டியின் அதே சூட்டில் உள்ள தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ கிட்டில் தெரியும்வரை தினமும் இப்படியே. காற்றைக் கூட்டுங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் 40 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். அயோடின் கலந்த தூள் உப்பைத் தவிர்ப்பது நல்லது. ஃபில்டரை மட்டும் திரும்பத் திறக்காதீர்கள். எஞ்சியிருக்கும் பாக்டீரியா பெருக இரண்டு மூன்று வாரம் எடுக்கும்.

பண்ணாரி குண்டம் திருவிழாவுக்கு வீடு நிறைய ஒரம்பரை வரும்போதும், நீங்களே குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போதும், ஒரு வாரம் முன்னதாகவே ஃபில்டரைக் கழுவி முடித்துவிடுங்கள். கிளம்புகிற அன்று கழுவினால் கோளாறு வரும்போது பார்க்க ஆள் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாமல், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லிக் கொடுங்கள். டப்பாவை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.